நாகலகம் வீதி அளவுகோலும் அடுத்த வீட்டுக் கதவும்

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்பெங்கும் காதில் விழும் பெயர் நாகலகம் வீதி. ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்பாக, கிராண்ட்பாஸில், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவுகோல் நிற்கும் இடம் அது. மேலே கித்துல்கலவிலும் ஹங்வெல்லவிலும் ஆற்றை மீற்றரில் அளக்கிறார்கள். நாகலகம் வீதியில் இன்றும் அடிக்கணக்குத்தான். 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி என்றால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 1947 ஓகஸ்டில் அது 12 அடியைத் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடியைத் தாண்டியது. 2016 மே மாதத்தில் ஏழரை அடிக்கு மேல் வந்தது. 2025 நவம்பர் கடைசியில், டித்வா சூறாவளி கொட்டிய மழையில், மீண்டும் பெருவெள்ள எல்லையைக் கடந்தது.

ஆற்றின் ஏற்ற இறக்கத்தை மணிக்கு மணி சொல்லத் தெரிந்த நகரத்துக்கு, அந்தக் கரையில் எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார் என்று தெரியுமா? தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில், இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பது யார்? அந்த அறிவு கிராண்ட்பாஸில் இருக்கிறது. அது குடியிருப்புச் சந்துகளுக்குள் இருக்கிறது, அரசின் கோவைகளுக்குள் இல்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளாக நகர அபிவிருத்தி அதைக் கலைத்து வருகிறது, கலைக்கிறோம் என்று அறியாமலே கலைத்து வருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கிராண்ட்பாஸ் ஆற்றோடு பிறந்த ஊர். ஒல்லாந்தர் காலத்தில் களனியைக் கடக்கும் பெருந்துறை இங்கேதான் இருந்தது. ஆங்கிலேயர் 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி ஒரு மிதக்கும் பாலம் அமைத்தார்கள். கண்டிக்கும் வடக்குக்கும் போன வண்டிகள் அதன்மேல்தான் போயின. 1895இல் விக்டோரியா பாலம் வந்ததும் படகுப்பாலம் போய்விட்டது. ஆற்றங்கரை உழைப்பு போகவில்லை. துறைமுகம், களஞ்சியங்கள், ஆலைகள், புறக்கோட்டைக் கடைகள் என்று வேலை தேடி வந்தவர்கள் கரையோரத் தாழ்நிலத்தில் குடியேறினார்கள். நிலம் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அது வெள்ளம் ஏறும் நிலம் என்பதுதான்.

பிரித்தானியர் காலத்தில் நகரைக் காக்க ஆற்றோரம் மண் அணை கட்டினார்கள். அணைக்கு உட்புறம் காப்புப் பெற்றது. சேதவத்தைப் பக்கம் அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் காப்பு எப்போதுமே கிடைக்கவில்லை. உட்புறத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. நகரின் மழைநீரில் ஒரு பகுதி கால்வாய் வழியாக நாகலகம் வீதி மதகைத் தாண்டித்தான் களனிக்குள் இறங்க வேண்டும். ஆறு உயர்ந்தால் மதகை மூடியாக வேண்டும். மூடினால் உள்ளே பெய்யும் மழைக்கு அந்த வழி அடைபடும். உலக வங்கிக் கடனில் 2012இல் தொடங்கிய கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்தில் இங்கே பாரிய நீரிறைக்கும் நிலையம் ஒன்று சேர்க்கப்பட்டது இதனால்தான். ஆகவே இங்கே வெள்ளம் இரண்டு வகை: ஆறு வெளியிலிருந்து வருவது ஒன்று, மழை உள்ளே தேங்குவது மற்றது. இரண்டும் ஒரே இரவில் வந்தால், எந்தச் சந்து முதலில் நனையும் என்பதை அந்தச் சந்தில் குடியிருப்பவரே சரியாகச் சொல்வார்.

அந்தச் சந்துகளுக்குப் பெயர் தோட்டம். சிங்களத்தில் வத்த. பொதுக்குழாய், பொதுக்கழிப்பறை, கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடும் இடைவெளி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழும் இடம். வெளியார் இதைச் சேரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் தோட்டத்துக்குள் எத்தனை பதிவேடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், நிர்வாகத்தைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பது மாறும்.

மரணாதார சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டும் ஒவ்வொரு குடும்பமும், அதில் யார் யார் அங்கத்தவர் என்பதும் அதன் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் இறந்தால் கூடாரம், கதிரை, சவப்பெட்டிச் செலவு வரை சங்கம் பார்க்க வேண்டும் என்பதால், யார் உயிரோடிருக்கிறார், யார் வெளிநாடு போனார் என்ற கணக்கு அதில் தவறுவதில்லை. பள்ளிவாசலுக்கு ஜமாஅத் குடும்பப் பட்டியல் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் வீடு வீடாக மாறி நடக்கும். கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்டு வருபவர் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டு இருக்கிறது. சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு இந்த வாரம் யார் வீட்டில் வேலை இல்லை, யார் ஆஸ்பத்திரியில், யாருடைய மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்பதெல்லாம் தெரியாமல் சீட்டு ஓடாது. கடன் கொடுக்கும் சில்லறைக் கடைக்காரரின் கொப்பியும் இதே வகைதான்.

தண்ணீர் ஏறும் இரவில் இந்தக் கொப்பிகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவற்றை எழுதியவர்களின் மனதில் இருப்பதே போதும். முதலில் மின்சாரம். “சித்தி, மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டீங்களா?” அடுத்து வயதானவர்கள். “உம்மும்மாவ மேல ஏத்தியாச்சா? கீழ யாரும் இல்லியே?” பிறகு காஸ் சிலிண்டர், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகம். தட்டு மாடி வைத்த வீடு, இருப்பவர் எந்த மதமானாலும், அன்றிரவு பொதுவீடாகிவிடும். இதை மனிதநேயம் என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. நான் இதை ஒரு தொழில்நுட்பமாகவே பார்க்கிறேன். தகவல் முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது, நாள்தோறும் சரிபார்க்கப்படுகிறது, அவசரத்தில் அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தப்படுகிறது. எந்த அனர்த்த முகாமைத்துவத் திட்டமும் கேட்பது இதைத்தானே?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 1995 ஜூலையில் சிக்காகோ நகரில் வீசிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வீட்டுக்குள் தனியாக, யாரும் தேடாமல் இறந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லோண்டேல், தெற்கு லோண்டேல் என்று பெயர். இரண்டும் ஏழைப் பகுதிகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆயினும் வடக்கில் இறப்பு வீதம் தெற்கைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. தெற்கில் தெருவில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்தார்கள். வராதபோது கண்ணில் பட்டது. வடக்கில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, அச்சத்தில் கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. வறுமை இரண்டு இடத்திலும் இருந்தது. சாவைக் கூட்டியது தனிமை.

அதே 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கம். அவாஜி தீவில் ஹொகுதான் என்ற சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு பேர் இடிபாடுகளுக்குள் சிக்கினார்கள். வெளியிலிருந்து மீட்புப்படைகள் வந்து சேர்வதற்குள், ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் அயலவர்களும் அன்றைக்கே அவர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். யார் எந்த அறையில் படுப்பார் என்பது அயலவருக்குத் தெரிந்திருந்தது, அங்கேயே தோண்டினார்கள். கிராண்ட்பாஸ் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது வியப்பாக இராது.

எண்ணிப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் ஜொப்ளின் நகரம் சாட்சி. 2011 மே 22 அன்று சுழற்காற்று அந்த நகரின் நடுவே புகுந்து ஏறத்தாழ 160 பேரைக் கொன்றது. மூன்று நாட்கள் கழிந்த பின்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே என்று தெரியவில்லை. மிசூரி மாநில அரசு 232 பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டது. தாங்கள் தேடப்படுவதே அறியாமல் உறவினர் வீட்டில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு பணக்கார நாட்டில், கணினிப் பதிவுகள் எல்லாம் இருக்கும் நகரத்தில், இருப்பவரையும் இல்லாதவரையும் பிரித்தறிய ஒரு வாரத்துக்கும் மேல் பிடித்தது. நமக்கு அருகில், 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அது புத்தாண்டு நாள். புத்தாண்டுக்கு எந்த வீட்டில் யார் விருந்தாளியாக வந்திருந்தார் என்பது வாக்காளர் இடாப்பில் இருக்காது. அதை அடுத்த வீட்டுக்காரர் மட்டுமே சொல்ல முடியும்.

சரி, அரசிடம் என்ன இருக்கிறது? சுனாமிக்குப் பின் இலங்கை 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றியது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற அவசர இலக்கம் வந்தது, கிராம மட்டக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அடித்தளத்தில் நிற்பவர் கிராம உத்தியோகத்தர். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்கள் இரண்டு கோடிக்குச் சற்று மேல். கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் ஏறத்தாழ 14,000. ஒரு பிரிவுக்குச் சராசரியாக 1,450 பேர். கிராண்ட்பாஸ் அடங்கும் கொழும்புப் பிரதேச செயலகத்திலோ மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு 35 பிரிவுகள். சராசரி ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஹம்பாந்தோட்டையில் ஓர் உத்தியோகத்தர் ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். கிராண்ட்பாஸில் அதை எதிர்பார்ப்பது அந்த உத்தியோகத்தருக்கே செய்யும் அநியாயம்.

இதோடு இன்னொரு குறை. கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆமர் வீதியிலும் தங்கிப் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர் பலருடைய பதிவு ஊரில்தான் இருக்கிறது. ஹட்டனிலோ பதுளையிலோ வாக்கு. இங்கே ஒரு அறையில் பலராகப் படுக்கை. பட்டியலைப் பார்த்து நிவாரணம் கொடுத்தால் அவர்கள் இல்லாதவர்கள்.

பட்டியல் இல்லாத உதவி உயிரையும் வாங்கும். 2020 மே மாதம், ஊரடங்கும் நோன்புக் காலமும் சேர்ந்திருந்த நாளில், அருகிலுள்ள மாளிகாவத்தையில் ஒரு தனியார் பணம் பங்கிட்டபோது ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுத்தவரின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உதவி வாசலுக்குப் போகாமல், வாசல்கள் உதவியை நோக்கி ஓட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டால் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, யார் வீட்டில் அரிசி தீர்ந்தது என்பதை அறிந்திருந்தவர்கள் மறுபடியும் சங்கத்தாரும் சீட்டுக்காரர்களும்தான்.

தோட்டத்தைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. அங்கே தெரிந்துகொள்வது சில சமயம் வேவு பார்ப்பதாகவும் மாறும். சந்தா கட்டத் தவறியவர், போதைக்கு அடிமையானதால் குடும்பம் கைகழுவியவர், சண்டையில் பேச்சு நின்றுபோன வீடு, நேற்றுக் குடிவந்த வாடகைக்காரர் ஆகியோர் இந்த வலையின் ஓட்டைகளில் விழுகிறார்கள். 2013 ஓகஸ்டில் கிராண்ட்பாஸில் சுவர்ண சைத்திய வீதிப் பள்ளிவாசல் தாக்கப்பட்டு ஊரடங்கு போடப்பட்டதையும் மறக்க முடியாது. அயலவர் என்ற உறவு தானாகவே நல்லதாகிவிடுவதில்லை. அதை யாரோ கட்டிக் காக்க வேண்டும். 2016 மே வெள்ளம் அப்படிக் காக்கப்பட்டதைக் காட்டிய காலம். ரோனு சூறாவளியாக வளர்ந்த தாழமுக்கத்தின் மழை அது. அரநாயக்கவில் மலை சரிந்தது. நாடெங்கும் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அந்த வாரத்தில்தான் வெசாக் வந்தது. தன்சல் போட வைத்திருந்த அரிசியும் பணமும் பல இடங்களில் வெள்ள நிவாரணத்துக்குத் திருப்பப்பட்டன. கொழும்புப் பள்ளிவாசல்களிலிருந்து சமைத்த சோற்றுப் பொதிகள் மத வேறுபாடின்றி முகாம்களுக்குப் போயின.

இந்த அறிவின் மீது விழுந்த பெரிய அடி வெள்ளத்தால் வந்ததல்ல. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்களைத் தோட்டங்களிலிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. தெமட்டகொடையிலும், கிராண்ட்பாஸையும் மட்டக்குளியையும் ஒட்டிய ஹேனமுல்லையிலும் பன்னிரண்டு மாடி, பதினான்கு மாடிக் கட்டிடங்கள் எழுந்தன. வெள்ளத்தில் நனையாத வீடு, தனிக் கழிப்பறை, பூட்டக்கூடிய கதவு ஆகியவை கிடைத்ததை மகிழ்ச்சியோடு ஏற்றவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் வீடுகள் சீட்டுக் குலுக்கி ஒதுக்கப்பட்டன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதன் விளைவைப் பதிவு செய்திருக்கின்றன. முப்பது ஆண்டு அயலவராக இருந்தவர்கள் வெவ்வேறு மாடிகளுக்கும் வெவ்வேறு கட்டிடங்களுக்கும் சிதறினார்கள். லிஃப்ட் பழுதானால் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள்.

குலுக்கல் நடுநிலையானது என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஊழலைத் தடுக்க அது ஒரு வழி என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு தோட்டத்தைக் குலுக்கினால், யாருடைய பாட்டி எங்கே படுத்திருக்கிறார் என்ற வரைபடம் ஒரே நாளில் அழிந்துவிடும். அதைத் திரும்ப வரையப் பத்து, இருபது ஆண்டுகள் வேண்டும். தோட்டங்களைக் குழுவாக எடுத்து, ஒரே மாடியில் அல்லது அடுத்தடுத்த மாடிகளில் குடியேற்றுவதற்குக் கூடுதலாக ஒரு செங்கல்கூடத் தேவைப்பட்டிராது. செய்யாமல் விட்டதை நான் கொள்கைத் தவறு என்றே கூறுவேன். சிக்காகோவின் தெற்கு லோண்டேலாக இருந்த இடத்தை வடக்கு லோண்டேலாக மாற்றும் வழி இது.

பிறகு டித்வா. 2025 நவம்பர் 28 அன்று இலங்கைக் கரையைத் தொட்ட அந்தச் சூறாவளியால் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகளே பெரும்பகுதி உயிர்களை எடுத்தன. களனி உச்சத்தைத் தொட்டது அதற்கு ஓரிரு நாட்களின் பின். கிராண்ட்பாஸ் தமிழரில் பலருக்கு மலையகத்தில் வேர் உண்டு. ஆகவே அந்த நாட்களில் இங்கே நலம் விசாரிப்பு இரண்டு திசையில் ஓடியது. ஒரு கண் நாகலகம் வீதி அளவுகோலில். ஒரு காது கைப்பேசியில். மலையகத்தில் மின்சாரமும் தொலைபேசிச் சேவையும் பல இடங்களில் அறுந்து, வீதிகளும் ரயில் பாதைகளும் அடைபட்டிருந்தன. அப்படிப்பட்ட வேளையில் ஒரு தேயிலைத் தோட்ட டிவிசனிலிருந்து ஒருவருக்கு இணைப்புக் கிடைத்தால், அந்த ஒரு அழைப்பில் பத்துக் குடும்பத்தின் சேதி கேட்கப்படும். மேல் லயத்தில் யார், கீழ் லயத்தில் யார், பாடசாலைக்கு ஏறிவிட்டார்களா, மலை எந்தப் பக்கம் இறங்கியது? நகரத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் ஒரே முறையில் தங்கள் ஆட்களை எண்ணின.

அதே நாட்களில் எழுந்த குறை ஒன்றைப் பதிவு செய்யாமல் இருக்க முடியாது. எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் சிங்களத்தில் வந்த வேகத்தில் தமிழில் வரவில்லை. வெள்ளமும் மண்சரிவும் அதிகமாகத் தாக்கிய இடங்களில் கணிசமானோர் தமிழ் பேசுபவர்கள். 2005 சட்டம் வந்து இருபது ஆண்டுகள் முடிந்த பின்னும் இந்த நிலை. கிராண்ட்பாஸில் அந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர் இருமொழி தெரிந்த அயலவர்தான். அரசின் கடமையை அடுத்த வீட்டுப் பிள்ளையின் மொழியறிவில் விட்டுவிடுவது ஒரு நாட்டுக்கு அழகல்ல.

பங்களாதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் சூறாவளியில் மூன்று இலட்சம் பேரை இழந்த நாடு அது. 1972இல் தொடங்கிய சூறாவளி முன்னாயத்தத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்த் தொண்டர்கள் இருக்கிறார்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். கொடியேற்றி, ஒலிபெருக்கி பிடித்து, கடைசியில் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். செயற்கைக்கோளும் தொண்டரும் ஒரே சங்கிலியின் இரு முனைகளாக அங்கே ஏற்கப்பட்டிருக்கிறார்கள்.

கொழும்பில் அந்தத் தொண்டர்களை இனித்தான் தேட வேண்டும் என்பதில்லை. மரணாதார சங்கச் செயலாளரும், ஜமாஅத் நிர்வாகியும், அன்பியப் பொறுப்பாளரும், சீட்டு நடத்தும் பெண்ணும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராம மட்டக் குழுவில் அவர்களுக்குப் பெயரளவு இடம் போதாது. எழுத்தில் பொறுப்பு வேண்டும். தொடர்மாடிகளில் ஒவ்வொரு மாடிக்கும் இருவரை நியமிக்க வேண்டும். அறைகளில் தங்கும் தொழிலாளரைக் கடை முதலாளிமார் பெயரோடு அறிவிக்க வேண்டும். இனிக் குடியேற்றம் நடந்தால் குலுக்கலை விட்டு, தோட்டம் தோட்டமாகவே மாற்ற வேண்டும். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். கிராண்ட்பாஸிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சந்தில் அல்லது உங்கள் மாடியில் தனியாக இருப்பவர், படுக்கையில் இருப்பவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர் யார் யார் என்று அவர்களிடமே அனுமதி கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களுக்காக அழைக்க வேண்டிய உறவினரின் தொலைபேசி எண்ணையும் சேருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.